பிற்பகல் சந்திப்புக்கு ஏற்ற வெள்ளை ஒயின்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குத் தொடங்கி, பேச்சு சூடுபிடித்தால் ஆறு மணி வரை நீளக்கூடிய நண்பர்கள் சந்திப்புக்கு ஒயின் வாங்கப் போகிறவர், கடையில் முதலில் பார்ப்பது விலையை. அடுத்துத் தேடுவது எங்கோ கேள்விப்பட்ட ஒரு பெயரை. இரண்டுமே அவ்வளவாக உதவுவதில்லை. அந்த நேரத்துக்கு வேண்டியது குளிர்ச்சியும் துலக்கமான புளிப்பும் கொண்ட, இனிப்பில்லாத, இரண்டாம் கோப்பைக்குப் பிறகும் தலையைக் கனக்க வைக்காத வெள்ளை ஒயின். அதைக் கண்டுபிடிக்க, லேபிளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஆல்கஹால் விழுக்காட்டிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. திராட்சை வகை, நாடு, அறுவடை ஆண்டு, விலை ஆகியவற்றை அதற்குப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: விழுக்காட்டைப் படியுங்கள்

வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவை 11 முதல் 14 விழுக்காடு வரை ஆல்கஹால் கொண்டவை. பார்ப்பதற்கு இது சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும், 11 விழுக்காட்டு ஒயினைவிட 14 விழுக்காட்டு ஒயினில் கால் பங்குக்கும் மேல் கூடுதலாக ஆல்கஹால் இருக்கிறது. 750 மில்லி லிட்டர் பாட்டில் ஒன்றில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பைகள் ஊற்றலாம். 12 விழுக்காட்டு ஒயினில் அப்படிப்பட்ட ஒரு கோப்பைக்கு ஏறக்குறைய 14 கிராம் தூய ஆல்கஹால் சேர்கிறது. இரவு விருந்தில் உணவோடு ஒரு கோப்பை என்றால் இந்தக் கணக்குப் பெரிதாகப் படாது. ஆனால் பிற்பகலில், வெயிலும் தாகமும் சேர்ந்து, கோப்பை காலியானதையே கவனிக்காமல் பேசிக்கொண்டிருக்கும் நான்கு மணி நேரத்தில், அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். ஆகவே 12.5 விழுக்காட்டைத் தாண்டாத ஒயின் என்று ஒரு வரம்பை வைத்துக்கொள்ளுங்கள். 12க்குக் கீழே கிடைத்தால் இன்னும் நல்லது.

அந்த எண் மயக்கத்தின் அளவை மட்டும் சொல்வதில்லை. திராட்சையில் இருக்கும் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் அது ஒரு விழுக்காட்டு ஆல்கஹாலைத் தரும். வெயில் மிகுந்த நிலத்தில் பழம் முற்றிப் பழுக்கும்போது சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், அதே வெப்பத்தில் பழத்தின் மாலிக் அமிலம் குறைந்துகொண்டே வரும். எனவே விழுக்காடு உயர்ந்த ஒயினில் புளிப்பு தணிந்திருக்கவும், விழுக்காடு குறைந்த ஒயினில் புளிப்பு துலக்கமாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். விதிவிலக்குகள் உண்டு. இருந்தாலும் ஒயினைப் பற்றி எதுவுமே தெரியாமல் கடைக்குள் நுழைகிறவருக்கு, ஒரே பார்வையில் இவ்வளவு செய்தி சொல்லும் வேறெதுவும் அந்த லேபிளில் இல்லை. எண்ணை அப்படியே துல்லியமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது: ஐரோப்பிய விதிகள் பொதுவாக அரை விழுக்காடு ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கின்றன, அமெரிக்காவில் 14 விழுக்காடு வரையுள்ள ஒயின்களுக்கு ஒன்றரை விழுக்காடு வரை சலுகை உண்டு.

இரண்டாம் படி: இனிப்பு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்

விழுக்காடு குறைவாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறுவதற்கு முன்பே நொதித்தலை நிறுத்திவிட்டால், ஒயினில் இனிப்பு தங்கிவிடும். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் விளையும் ரீஸ்லிங் திராட்சையின் கபினெட் வகை ஒயின்கள் 8 அல்லது 9 விழுக்காட்டில் நிற்பது இதனால்தான். அவற்றின் புளிப்பு மிகக் கூர்மையானது என்பதால் அந்த இனிப்பு திகட்டாது. ஆனாலும் இனிப்பில்லாத ஒயினை எதிர்பார்த்து வாங்கியவருக்கு அது ஏமாற்றமாக இருக்கும்.

லேபிளில் சில சொற்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். ஜெர்மன் ஒயினில் ‘ட்ரோக்கன்’ என்றிருந்தால் இனிப்பில்லாதது. ‘ஹால்ப்ட்ரோக்கன்’ அல்லது ‘ஃபைன்ஹெர்ப்’ என்றிருந்தால் இலேசான இனிப்பு உண்டு. பிரெஞ்சு ஒயினில் ‘செக்’ என்பது இனிப்பில்லாதது, ‘தெமி-செக்’ என்பது அரை இனிப்பு. ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை உள்ள ஒயினை இனிப்பில்லாதது என்று குறிப்பிடலாம். புளிப்பும் போதுமான அளவுக்கு உயர்ந்திருந்தால் 9 கிராம் வரைகூட அனுமதி உண்டு. ரீஸ்லிங் பாட்டில்கள் சிலவற்றின் பின்பக்கத்தில் இனிப்பில்லாததிலிருந்து இனிப்பானது வரை ஒரு கோடு போட்டு, இந்த ஒயின் எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்திருப்பார்கள். அதை நம்பி வாங்கலாம். நுரைக்கும் ஒயின்களின் கணக்கே வேறு. அங்கே ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று அச்சிட்ட ப்ரொசெக்கோவில் ‘ப்ரூட்’ என்பதைவிட இனிப்பு அதிகம். அந்தக் குழப்பத்துக்குள் இப்போது போக வேண்டியதில்லை.

புதிதாகக் குடிப்பவர்கள் மணத்தையும் இனிப்பையும் ஒன்றாக எண்ணிவிடுவது இயல்பு. ஒரு ஒயினில் பேஷன் பழத்தின் வாசனையோ பீச் பழத்தின் வாசனையோ தூக்கலாக அடித்தால், அதில் சர்க்கரை இருப்பதாக மூளை முடிவு செய்துவிடும். மூக்கை இலேசாகப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு குடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: வாயில் எச்சில் ஊறினால் அது புளிப்பு, நாக்கில் தித்திப்பு தங்கினால் அது சர்க்கரை.

மூன்றாம் படி: ஓக் பீப்பாயைத் தவிருங்கள்

ஓக் பீப்பாயில் வைத்த வெள்ளை ஒயின் மோசமானது என்று யாரும் சொல்ல முடியாது. உலகின் விலை உயர்ந்த வெள்ளை ஒயின்களில் பல அப்படித்தான் உருவாகின்றன. ஆனால் புது ஓக் மரம் வனிலாவையும் வறுத்த கொட்டையின் மணத்தையும் ஏற்றி, ஒயினைக் கனமாக்குகிறது. அதோடு பெரும்பாலும் சேர்ந்து வருவது மாலோலாக்டிக் மாற்றம் என்னும் நிகழ்வு. பச்சை ஆப்பிளில் உள்ள கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் வேலை அது. மோருக்குப் புளிப்பைத் தருவதும் இதே லாக்டிக் அமிலம்தான். இந்த மாற்றத்தின்போது டையசெட்டைல் என்ற பொருள் உருவாவதால் வெண்ணெய் வாசனையும் வந்து சேர்கிறது. வறுத்த கோழியோடு இரவில் குடிக்க அது பொருத்தமாக இருக்கலாம். வெயில் நேரத்தில் இரண்டு மிடறுக்கு மேல் இறங்காது. லேபிளில் பீப்பாயில் நொதித்தது, பீப்பாயில் முதிர்ந்தது, ரிசர்வ் என்றெல்லாம் எழுதியிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஸ்டீல் தொட்டியில் தயாரித்தது என்றோ ஓக் படாதது என்றோ எழுதியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

ஷார்டனே திராட்சையில் இந்தச் சிக்கல் மிகுதி. ஒரே திராட்சைதான் கலிபோர்னியாவில் வெண்ணெய் மணக்கும் 14 விழுக்காட்டு ஒயினாகவும், பிரான்சில் பர்கண்டியின் வடகோடியில் உள்ள ஷாப்லியில் மெலிந்த, சுண்ணாம்புக் கல்லின் நெடியுள்ள ஒயினாகவும் மாறுகிறது. ஷாப்லியிலும் மாலோலாக்டிக் மாற்றத்தைப் பெரும்பாலோர் நிகழ விடுகிறார்கள். ஆனால் அங்கே பழத்தில் இயல்பாகவே புளிப்பு மிகுதி என்பதால், அதற்குப் பிறகும் ஒயின் கூர்மை குன்றுவதில்லை. அந்த ஊரின் ஒயின்களில் அடித்தட்டில் இருக்கும் ‘பெத்தி ஷாப்லி’யும், அதற்கடுத்த சாதாரண ஷாப்லியும் பிற்பகலுக்குப் போதுமானவை. ப்ரீமியே க்ரூ, க்ரான் க்ரூ என்று மேலே போகப் போக விலையும் கனமும் ஏறும். வாய் ஓயாமல் பேசும் கூட்டத்தில் அந்தப் பணம் வீண்தான்.

நான்காம் படி: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

இப்போதுதான் பெயர்களுக்கு வருகிறோம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு, பிரான்சின் லுவார் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, நான்ட் நகரைச் சுற்றி விளையும் மஸ்கடேயைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

மஸ்கடேயின் திராட்சைக்கு மெலோன் தெ பூர்கோன்ய் என்று பெயர். பிறந்தது பர்கண்டியில், அங்கே அதை மதிக்கவில்லை. 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் நான்ட் பகுதியின் கொடிகள் பட்டுப்போன பிறகு, குளிரைத் தாங்கக்கூடியது என்பதால் இந்தத் திராட்சை அங்கே பரவலாக நடப்பட்டது. அதற்குச் சொந்தமாகப் பெரிய மணம் எதுவும் கிடையாது. அந்தக் குறையைச் சரிக்கட்டவே, நொதித்தல் முடிந்த ஒயினை வேறு கலத்துக்கு மாற்றாமல், குளிர்காலம் முழுவதும் ஈஸ்டின் மண்டி மீதே விட்டுவைத்து, நேரடியாகப் பாட்டிலில் அடைக்கிறார்கள். லேபிளில் ‘சுர் லீ’ என்று இருப்பது இந்த முறையைக் குறிக்கும். மண்டியிலிருந்து மெல்லிய ரொட்டி வாசனையும் வாயில் ஒரு மெழுகுத்தன்மையும் வருகின்றன. சிறிதளவு கரியமில வாயு தங்கிவிடுவதால் முதல் மிடறில் நாக்கு இலேசாகக் கூசும். ஆல்கஹால் பெரும்பாலும் 12 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ‘மஸ்கடே செவ்ர் எ மேன்’ என்று இரண்டு சிற்றாறுகளின் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தால், அந்த வட்டாரத்தின் நடுப்பகுதியில் விளைந்தது என்று பொருள். வாங்குவதானால் அதையே வாங்குங்கள். அதே வட்டாரத்தில் கிளிசோன், கோர்ஜ் என்று ஊர்ப் பெயர்களைத் தாங்கி, மண்டி மீது ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கிடந்த ஒயின்களும் உண்டு. அவை ஆழமானவை, பொறுமையாகக் குடிக்க வேண்டியவை. முதல் பாட்டிலுக்கு அவை தேவையில்லை. புகழ் பெரிதாக இல்லாததால், தரத்துக்கு ஏற்ற விலை மஸ்கடேக்கு இன்னும் ஏறவில்லை. வாங்குகிறவர்களுக்கு இது ஆதாயம்.

அதே லுவார் ஆற்றைப் பின்தொடர்ந்து உள்நாட்டுக்குள் வெகுதூரம் போனால் சான்செரும் புய்யி-ஃப்யூமேயும் வரும். இரண்டும் சோவின்யோன் பிளாங் திராட்சையின் ஊர்கள். பச்சைப் புல், நெல்லிக்காய், நனைந்த கல் என்று இதன் மணத்தை விவரிப்பார்கள். குடைமிளகாயை நினைவூட்டும் அந்தப் பச்சை வாசனைக்குக் காரணமான மெத்தாக்ஸிபைரசின் என்ற சேர்மம் குடைமிளகாயிலும் இருப்பதுதான். சான்செர் இன்று விலை கூடிவிட்டது. ஆற்றின் நடுப்பகுதியில் உள்ள தூரேன் என்னும் வட்டாரத்தின் சோவின்யோன், அதன் குணங்களில் பெரும்பகுதியைக் குறைந்த விலையில் தருகிறது.

கடைகளில் மிக எளிதாகக் கிடைக்கும் சோவின்யோன் நியூசிலாந்தின் மார்ல்பரோவிலிருந்து வருவது. 1973இல் பெரிய அளவில் திராட்சை நடத் தொடங்கிய அந்தப் பள்ளத்தாக்கு, ஒரு தலைமுறைக்குள் உலகச் சந்தையின் சுவையையே மாற்றிவிட்டது. பேஷன் பழமும் எலுமிச்சைத் தோலும் மூக்கில் அறைவது போன்ற மணம்; புளிப்பு துல்லியமானது; ஆல்கஹால் 13 விழுக்காட்டைச் சுற்றி நிற்கும்; சிலவற்றில் புளிப்பைத் தணிக்கச் சிறிது சர்க்கரையும் மிச்சம் வைத்திருப்பார்கள். முதல் கோப்பை எல்லோருக்கும் பிடிக்கும். மூன்றாவது கோப்பையில் அந்த மணமே சலிப்பூட்டக்கூடும் என்பதால், எனக்கு இது நீண்ட பிற்பகலுக்கான முதல் தேர்வு அல்ல.

விழுக்காட்டை முதன்மையாகக் கொள்ளும் நம் முறைக்கு மிகவும் ஒத்துப்போகிற ஊர் ஆஸ்திரியாவின் வாஹாவ். தன்யூப் ஆற்றங்கரையின் செங்குத்தான படிக்கட்டு நிலங்களில் க்ரூனர் வெல்ட்லினர் திராட்சையை வளர்க்கிறார்கள். வெள்ளை மிளகின் காரமும் எலுமிச்சையும் கலந்த சுவை அதற்கு. 1983இல் தொடங்கப்பட்ட வினேயா வாஹாவ் என்ற உற்பத்தியாளர் சங்கம், இனிப்பில்லாத வெள்ளை ஒயின்களை ஆல்கஹாலைக் கொண்டே மூன்றாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது. 11.5 விழுக்காட்டுக்கு மேல் போகாதது ஸ்டைன்ஃபேடர், 11.5 முதல் 12.5 வரை ஃபேடர்ஷ்பீல். அதற்கு மேல் ஸ்மராக்ட். பிற்பகலுக்கு முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மற்ற ஆஸ்திரிய வட்டாரங்களிலிருந்து க்ரூனர் ஒரு லிட்டர் பாட்டில்களிலும் வரும். கூட்டம் பெரிதானால் அது சிக்கனம்.

போர்ச்சுக்கலின் வடமேற்கு மூலையில், 1908இலேயே எல்லை வகுக்கப்பட்ட வின்யோ வெர்டே வட்டாரம் இன்னொரு நல்ல தொடக்கம். பெரும்பாலும் 9 முதல் 11.5 விழுக்காடு; எலுமிச்சையும் பச்சை ஆப்பிளுமான சுவை; மெல்லிய குமிழிகள். மலிவான பாட்டில்களில் அந்தக் குமிழிகள் அடைக்கும்போது சேர்த்த கரியமில வாயுவால் வருபவை. அதில் தவறொன்றும் இல்லை. அதே வட்டாரத்தின் மொன்சாவ், மெல்காசு பகுதிகளில் அல்வரின்யோ திராட்சையைக் கொண்டு தயாரிப்பது சற்றுக் கனமானது. எல்லையைத் தாண்டி ஸ்பெயினின் கலீசியாவுக்குள் போனால் அதே திராட்சைக்கு அல்பரின்யோ என்று பெயர். ரியாஸ் பைஷாஸ் கடலோரத்தில் ஈரப்பதம் மிகுதி என்பதால் கருங்கல் தூண்கள் மீது பந்தல் போட்டுக் கொடிகளை உயர்த்திவிடுவார்கள். கடல் உணவுக்கு இதைவிடப் பொருத்தமான ஒயின் அபூர்வம்.

தெற்கு பிரான்சின் தோ காயலை ஒட்டிய பிக்பூல் தெ பினே, ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் விளையும் இனிப்பில்லாத ரீஸ்லிங், கிரேக்கத்தின் சான்டோரினித் தீவில் காற்றுக்கு அஞ்சிக் கூடை வடிவில் பின்னி வளர்க்கும் கொடிகளிலிருந்து வரும் அசிர்டிகோ ஆகியவையும் இந்த வரிசையில் சேரும். கடைசியாகச் சொன்னதில் ஆல்கஹால் அதிகம். பினோ க்ரீஜியோ எங்கும் கிடைக்கும், யாரையும் புண்படுத்தாது, யார் நினைவிலும் நிற்காது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு நாசிக் தான் அருகிலுள்ள ஒயின் பூமி. தக்காணத்து மேட்டுநிலத்தில், பருவமழை ஓய்ந்த பின் கொடிகளைக் கவாத்து செய்து, குளிர்காலத்தில் பழுக்க வைத்து, சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் அறுவடை செய்கிறார்கள். அந்த மாதங்களின் குளிர்ந்த இரவுகள்தான் புளிப்பைக் காப்பாற்றித் தருகின்றன. சுலா நிறுவனம் 2000இல் வெளியிட்ட முதல் ஒயின்களே சோவின்யோன் பிளாங்கும் செனின் பிளாங்கும்தான். செனின் பிளாங் சற்று இனிப்பை நோக்கிச் சாய்வது. இனிப்பில்லாதது வேண்டுமென்றால் சோவின்யோனை எடுங்கள். பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்திலிருந்து க்ரோவர் சம்பாவும், சோலாப்பூர் மாவட்டத்து அக்லுஜிலிருந்து ஃப்ராட்டெல்லியும் இதே திராட்சையில் ஒயின் தருகின்றன. தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக்கின் கையில் இருப்பதால், கடைக்குக் கடை கிடைப்பது மாறும். எந்தப் பெயர் கிடைத்தாலும் மேலே சொன்ன வரிசையில் லேபிளைப் படிப்பதே அங்கு கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: கடையில் பாட்டிலைச் சோதியுங்கள்

இந்த வகை ஒயின்கள் வைத்திருந்து முதிர்விப்பதற்கானவை அல்ல. கிடைப்பதில் அண்மைய அறுவடை ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட மலிவான சோவின்யோனையோ வின்யோ வெர்டேயையோ தள்ளுபடி விலையில் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து, அந்தப் பாட்டில் எங்கே இருந்தது என்று பாருங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நின்றிருந்த பாட்டில், அதிலும் நிறமற்ற கண்ணாடி என்றால், வெளிச்சத்தாலேயே கெட்டு வெந்த முட்டைக்கோஸ் நெடி வந்திருக்கலாம். கார்க் மேலே துருத்திக்கொண்டிருந்தாலும், மூடியின் ஓரத்தில் பிசுபிசுப்பு தெரிந்தாலும், கடுமையான வெப்பத்தில் கிடந்திருக்கிறது என்று கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் குளிர்சாதனம் இல்லாத கடையில் வாங்குவதைத் தவிர்த்துவிடுங்கள்.

திருகு மூடி இருந்தால் தரம் குறைவு என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் உற்பத்தியாளர்கள் பலர் 2000ஆம் ஆண்டிலேயே ஒன்றுசேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள். நியூசிலாந்து அடுத்த ஆண்டே அந்த வழியில் இறங்கியது. புத்துணர்ச்சியைக் காப்பதில் இத்தகைய ஒயினுக்குத் திருகு மூடிதான் பாதுகாப்பு. கார்க் திறப்பான் தேடி அலைய வேண்டாம் என்பது கூடுதல் வசதி.

கடைக்காரர் விவரம் தெரிந்தவராக இருந்தால், “நல்ல வெள்ளை ஒயின் ஒன்று கொடுங்கள்” என்று கேட்காமல், “இனிப்பில்லாதது, ஓக் படாதது, பன்னிரண்டரைக்கு மேல் போகாதது” என்று கேளுங்கள். இருவருக்கு ஒரு பாட்டில் என்று கணக்கிட்டால் நீண்ட பிற்பகலுக்குப் போதும். குடிக்காத நண்பர்கள் நம் ஊர்க் கூட்டங்களில் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு நன்னாரி சர்பத்தையோ எலுமிச்சை சோடாவையோ அதே கவனத்தோடு குளிரவைத்து எடுத்து வையுங்கள்.

ஆறாம் படி: குளிரவைத்தல்

புளிப்புத் தூக்கலான வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் பொருத்தமானது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டி ஏறக்குறைய 4 டிகிரியில் இருக்கும். மூன்று மணி நேரம் உள்ளே வைத்து, பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் சரியாக வரும். கோடையில் அந்தக் கால் மணி நேரம்கூட வேண்டாம், கோப்பைக்குள் ஊற்றியதுமே சூடேறத் தொடங்கிவிடும். அவசரமென்றால், ஒரு வாளியில் பாதி ஐஸும் பாதித் தண்ணீருமாக நிரப்பி, ஒரு கை கல்லுப்புப் போட்டு, கழுத்து வரை பாட்டிலை மூழ்கவிடுங்கள். இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பாட்டிலைச் செருகுவதால் அந்த வேகம் கிடைக்காது. கண்ணாடியை எல்லாப் பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர்தான் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. உப்பு அந்தத் தண்ணீரைப் பூச்சியத்துக்குக் கீழே கொண்டுபோகிறது. உறைபெட்டியில் வைத்து மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கும்.

கோப்பை விளிம்பில் சற்றுக் குறுகியதாக, காம்பு உள்ளதாக இருந்தால் நல்லது. கை வெப்பம் ஏறாமல் காம்பைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். கொஞ்சமாக ஊற்றி, பாட்டிலை ஐஸ் வாளிக்கே திருப்பி அனுப்புவதுதான் நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவரும் முறை. ஐஸ் கட்டியைக் கோப்பைக்குள் போடுவது எனக்கு உவப்பில்லை, உருக உருகச் சுவை தளர்ந்துவிடும். மாறாக, ஆஸ்திரியர்கள் செய்வதுபோல் சரிபாதி குளிர்ந்த சோடா சேர்த்துக் குடிக்கலாம். க்ஷ்ப்ரிட்ஸ்டர் என்று அங்கே அதற்குப் பெயர். ஒயினை அவமதிப்பதாக அந்த ஊரில் யாரும் நினைப்பதில்லை, ஆல்கஹாலும் பாதியாகிவிடுகிறது.

ஏழாம் படி: உடன் வைக்கும் தின்பண்டங்கள்

புளிப்புள்ள ஒயின், தட்டில் எலுமிச்சை பிழியத் தோன்றும் எதனோடும் ஒத்துப்போகும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நான்ட் மக்கள் மஸ்கடேயைச் சிப்பியோடும், சான்செர் மக்கள் தங்கள் ஒயினை ஷாவின்யோல் ஊரின் ஆட்டுப்பால் சீஸோடும் உண்பதற்கு அடிப்படை இதுவே. உப்பும் எண்ணெயும் புளிப்பைத் தணிக்கின்றன, புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி வாயை அடுத்த கவளத்துக்குத் தயார் செய்கிறது. ஆகவே நெத்திலி வறுவல், மசாலாவைக் குறைத்துப் பொரித்த வஞ்சிரம், மெதுவடை, தேங்காயும் மாங்காயும் போட்ட பட்டாணிச் சுண்டல், உப்பிட்டு வறுத்த முந்திரி என்று நம் வீட்டில் செய்யக்கூடியவையே போதும்.

மிளகாயிடம்தான் கவனம் வேண்டும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும்; மிளகாய்த் தூள் அப்பிய சுக்கா வறுவலோடு 13.5 விழுக்காட்டு ஒயினைக் குடித்தால் இரண்டின் சுவையும் தெரியாமல் போகும். காரம் தவிர்க்க முடியாதது என்றால், முன்பு ஒதுக்கி வைத்த மோசல் கபினெட்டை இப்போது அழைக்கலாம். குறைந்த ஆல்கஹாலும் இலேசான இனிப்பும் காரத்துக்கு இதமானவை. ஊறுகாய் எந்த ஒயினையும் சாகடித்துவிடும், ஏனென்றால் உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் வெறும் தண்ணீராகத் தோன்றும். இனிப்புப் பண்டங்கள் அதற்கு நேர் எதிரான தொல்லை தருபவை: ஒரு வாய் மைசூர்பாகுக்குப் பிறகு அதே ஒயின் பொறுக்க முடியாத புளிப்பாகிவிடும். காபி நேரத்துக்கு இனிப்பை ஒத்திவையுங்கள்.

எட்டாம் படி: திறப்பதும் மீதியை வைப்பதும்

திறந்ததும் நீங்களே ஒரு வாய் ஊற்றி முகர்ந்து பாருங்கள். ஈரமான அட்டைப்பெட்டி வாசனையோ பூட்டிக் கிடந்த அறையின் வாசனையோ வந்தால், கார்க்கில் டி.சி.ஏ. என்னும் சேர்மம் ஏறியிருக்கிறது. அது உடலுக்குக் கேடில்லை, ஆனால் ஒயின் தேறாது. அடியிலோ கார்க்கிலோ பளிங்குத் துகள்கள் படிந்திருந்தால் அஞ்ச வேண்டாம். குளிரில் டார்டாரிக் அமிலம் உப்பாகப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். கண்ணாடித் தூள் என்று எண்ணி நல்ல பாட்டிலைக் கொட்டியவர்கள் உண்டு.

வண்டி ஓட்டி வீடு திரும்ப வேண்டியவருக்கு ஒயினை ஊற்றாதீர்கள். இந்தியச் சட்டப்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம். அந்த அளவை எட்ட அதிகம் தேவையில்லை. மற்றவர்களுக்கும் கோப்பைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று பக்கத்திலேயே வைத்துவிடுவது நல்ல வழக்கம்.

மீந்த ஒயினை மூடி குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு, மூன்று நாள் தாங்கும். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் சிறிய பாட்டிலுக்கு மாற்றிக் காற்றைக் குறையுங்கள். அதற்குள் முடிக்க முடியாது என்று தெரிந்தால், ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெயும் பூண்டும் போட்டு இறாலோ மட்டியோ சமைக்கும்போது இரண்டு கட்டிகளை வாணலியில் போட்டு வற்றவிட்டால் போதும்.